வெனோகிராம் என்றால் நரம்புப் படமா? அம்மாவிடம் எந்தச் சொல்லில் சொல்வது?

பட்டர்வொர்த் கடைக்குட்டி எழுதியது:

வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. ஒரு மாதமாக இடது கால் மட்டும் வீங்கிக்கொண்டே வருகிறது. சாயங்காலம் ஆனால் செருப்பு நுழையாது. கிளினிக்கில் ஜெல் தடவி ஸ்கேன் பார்த்தார்கள். தொடைக்குக் கீழே ரத்தக்கட்டி எதுவும் இல்லையாம். இடுப்புக்குள் போகிற குழாயையும் பார்த்துவிட வேண்டும் என்று ‘சி.டி. வெனோகிராம்’ எழுதிக் கொடுத்திருக்கிறார் டாக்டர். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, பினாங்குத் தீவுப் பக்கம். ஃபெரியில் கூட்டிப் போகவேண்டும்.

படிவம் மலாயில் இருக்கிறது. டாக்டர் பேசியது இங்கிலீஷ். அம்மாவுக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டிய வேலை என் தலையில். நான் ஓர் ஒர்க்‌ஷாப்பில் கணக்கு எழுதுகிறவள், எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? போனில் தட்டிப் பார்த்தேன், ‘நரம்பு’ என்று வந்தது. சரி என்று, “நரம்பைப் படம் பிடிக்கப் போறாங்கம்மா” என்று சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் பயப்படவில்லை. பக்கத்தில் இருந்த அத்தைதான் பிடித்துக்கொண்டார். “நரம்புல மருந்து ஏத்துனா காலு விழுந்துடும், கூலிம்ல ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு” என்று ஆரம்பித்து, ராத்திரி சாப்பாட்டுக்குள் குடும்ப வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு நரம்புத் தளர்ச்சி என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். ஒரு மாமா சுங்கை பட்டாணியில் எண்ணெய் தேய்க்கிறவர் நம்பரை அனுப்பிவிட்டார்.

திருத்தலாம் என்று இன்னும் கொஞ்சம் தேடிப் படித்துவிட்டு, “நரம்பு இல்லம்மா, அதுக்குப் பேரு சிரை” என்றேன். “சிரைக்கப் போறாங்களா? கால்ல என்னடி முடியா இருக்கு?” என்று கேட்டுவிட்டு அம்மா டிவி பார்க்கப் போய்விட்டார்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. அப்பாவின் பழைய ஃபைலைப் புரட்டினேன். 1986-இல் அவருக்கும் காலில் ஏதோ படம் எடுத்திருக்கிறார்கள். அதில் ‘ஃபிளிபோகிராம்’ என்று எழுதியிருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா? இந்தப் பெயர்கள் எங்கேயிருந்து வந்தன? தமிழில் என்ன சொன்னால் அம்மாவுக்குச் சரியாகப் புரியும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூலிம் பையன்:

அக்கா, வெனோகிராம் என்றால் வீணையை நிறுத்து எத்தனை கிராம் என்று பார்ப்பது. மன்னிக்கவும், கை சும்மா இருக்கவில்லை. அப்புறம், கூலிமில் கால் விழுந்தது யாருக்கு என்று அத்தையிடம் கேட்டுச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் எனக்குத் தெரியாமல் ஒரு காலும் விழுந்ததில்லை.

ஆயர் ஈத்தாம் படக்காரன்:

தங்கச்சி, அப்பாவுக்கு எடுத்ததும் அம்மாவுக்கு எடுக்கப்போவதும் ஒரே விஷயத்துக்கு இரண்டு பெயர். எடுக்கிற விதம்தான் மாறிவிட்டது. நான் 34 வருடம் ஆஸ்பத்திரியில் ஜூரு எக்ஸ்ரேயாக, அதாவது எக்ஸ்ரே படம் எடுப்பவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். 86-இல் இதைக் கையால் செய்துகொண்டிருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடம்பில் ரத்தம் ஓடுகிற குழாய் இரண்டு வகை. இதயத்திலிருந்து ரத்தத்தைத் தள்ளிக்கொண்டு போவது ஒன்று, அது துடிக்கும். இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவருவது இன்னொன்று, அது துடிக்காது. புறங்கையில் பச்சையாகத் தெரிகிறதே, அது இரண்டாவது வகை. அந்த இரண்டாவதுக்கு லத்தீனில் வெனா, கிரேக்கத்தில் ஃபிளெப்ஸ். வெனாவிலிருந்து வெனோகிராம், ஃபிளெப்ஸிலிருந்து ஃபிளிபோகிராம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு சொல்லும் நீங்கள் ஏற்கெனவே பார்த்தவைதான். ‘ஐ.வி. டிரிப்’ என்கிறோமே, அந்த ‘வி’ வெனாவிலிருந்து வந்தது. ரத்தம் எடுக்கிற அறை வாசலில் ஃபிளிபாட்டமி என்று போர்டு இருக்கும், குழாயைக் கீறுவது என்று அர்த்தம். டிரிப் போட்ட இடம் சிவந்து கயிறு மாதிரித் தடித்துப்போனால் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், சார்ட்டில் ஃபிளிபைட்டிஸ் என்று எழுதுவார். அடிவயிற்று எக்ஸ்ரேயில் சில சமயம் மிளகு அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். சிறுநீர்க்கல் என்று புது டாக்டர்கள் துள்ளுவார்கள். பாதி நேரம் அது ஃபிளிபோலித், குழாய்க்குள் சுண்ணாம்பு பிடித்த பழைய கட்டி. ஒன்றும் செய்யாது.

படிப்பாளிகள் இதிலும் சண்டை போடுவார்கள். ஃபிளிபோகிராம் தலையும் வாலும் கிரேக்கம். வெனோகிராம் லத்தீன் தலைக்குக் கிரேக்க வாலை ஒட்டியது. டெலிவிஷன் அதற்கு நேர் எதிர், கிரேக்கத் தலையும் லத்தீன் வாலும். எங்கள் பழைய பெரிய டாக்டர் ஃபிளிபோகிராம் என்றுதான் எழுதுவார். அடுத்து வந்த இளம் டாக்டர்கள் வெனோகிராம் என்று எழுத ஆரம்பித்தார்கள். கவுண்டரில் இருந்த கிராணி அது வேறு இது வேறு என்று நினைத்து, பதிவேட்டில் இரண்டு தலைப்புப் போட்டு வருடக் கடைசி வரை தனித்தனியாக எண்ணிக்கொண்டிருந்தார். கணக்கு ஒத்துவராமல் இரண்டு நாள் நாங்கள் எல்லோரும் பழைய சீட்டுகளைப் புரட்டினோம்.

வாலில் இருக்கிற ‘கிராம்’ எடையில்லை, தம்பி கூலிம். கிரேக்கத்தில் கிராஃபைன் என்றால் கீறு, வரை, எழுது என்று எல்லாம் சேர்ந்தது. நம் ‘எழுது’வும் அப்படித்தானே? கண்ணுக்கு மை எழுதினாள், சுவரில் ஓவியம் எழுதினான் என்று சொல்கிறோம். செய்கிற வேலைக்குப் பெயர் வெனோகிராஃபி, கையில் கிடைக்கிற படம் வெனோகிராம். டெலிகிராஃபி, டெலிகிராம் மாதிரி.

சரி, ஏன் ஊசி? எக்ஸ்ரேக்கு எலும்பு தெரியும். சதையும் ரத்தமும் அதற்கு ஒரே மாதிரி, குழாய் தனியாகத் தெரியாது. அதனால் எக்ஸ்ரேயைத் தடுக்கிற ஏதாவது ஒன்றைக் குழாய்க்குள் விட வேண்டும். ரோண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பர். 1896 ஜனவரியிலேயே வியன்னாவில் ஹாஷெக், லிண்டென்தால் என்ற இருவர், உயிரில்லாத ஒரு கையின் குழாய்களில் சுண்ணாம்பு, பாதரசம் சேர்ந்த சாதிலிங்கம், பெட்ரோலியம் கலந்த குழம்பை ஏற்றிப் படம் எடுத்துவிட்டார்கள். ஒரு படத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்தக் கைக்கு அவசரமில்லை. உயிரோடு இருக்கிறவருக்குச் சாதிலிங்கத்தை ஏற்ற முடியுமா? அதற்கு 1923 வரை ஆனது. ஜெர்மனியில் பெர்பெரிஷ், ஹிர்ஷ் இருவரும் ஸ்ட்ரான்ஷியம் புரோமைடை வைத்து உயிருள்ளவரின் குழாய்களைப் படமாக்கினார்கள். பிறகு அயோடின் வந்தது. இன்றைக்கும் எக்ஸ்ரே, சி.டி. இரண்டிலும் குழாய்க்குள் போகிற மருந்து அயோடின் சேர்ந்ததுதான்.

உங்கள் அப்பாவுக்கு எப்படி எடுத்திருப்பார்கள் என்று சொல்கிறேன். முதலில் பாதத்தை வெந்நீர் வாளியில் வைக்கச் சொல்வோம். குழாய் விரிந்து மேலே வரும். வீங்கின காலில் பாதத்துக் குழாயைத் தேடுவது பெரும்பாடு. கட்டைவிரலுக்கு மேலே நூல் மாதிரி ஒன்று கிடைக்கும். பட்டாம்பூச்சி ஊசியைக் குத்தி டேப் ஒட்டி, கணுக்காலுக்கு மேல் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டுவோம். மேலோட்டமான குழாய் அடைபட்டால் மருந்து வேறு வழியில்லாமல் ஆழத்துக் குழாய்க்குப் போகும், அங்கேதான் கட்டி இருக்கும். மேசையைத் தலைப்பக்கம் உயர்த்திச் சாய்ப்போம். நல்ல காலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை, பாரமெல்லாம் அதில். வீங்கின கால் தொங்க வேண்டும், சதை இறுகக் கூடாது. டாக்டர் மருந்தை ஏற்ற, நான் கீழிருந்து மேலே படம் படமாகப் பிடித்துக்கொண்டு போவேன். மலாயில் ஒரு தடவை, ஹொக்கியனில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை “அசையாதீங்க” என்று கத்தி என் தொண்டைதான் போனது.

இருட்டறையில் படத்தைக் கழுவித் தூக்கினால், கணுக்காலிலிருந்து தொடை வரை வெள்ளையாக ஏறிப் போகும். நடுநடுவே மூங்கில் கணு மாதிரி புடைப்பு இருக்கும், ரத்தம் கீழே இறங்காமல் தடுக்கிற வால்வு அது. கட்டி இருந்தால் வெள்ளைக்கு நடுவே கறுப்பாக ஒரு விரல். இரண்டு ஓரமும் மெல்லிய வெள்ளைக் கோடு, தண்டவாளம் மாதிரி. ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

அதெல்லாம் போய்விட்டது. இப்போது காலுக்கு முதலில் அல்ட்ராசவுண்டுதான், அம்மாவுக்கு ஜெல் தடவிப் பார்த்ததும் அதுதான். கருவியால் அழுத்திப் பார்ப்பார்கள். நல்ல குழாய் அமுங்கி மூடிக்கொள்ளும், கட்டி இருக்கிற குழாய் அமுங்காது. திரையில் சிவப்பும் நீலமும் பார்த்திருப்பீர்கள். சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தம் என்று பலபேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கருவியை நோக்கி வருவது ஒரு நிறம், விலகிப் போவது இன்னொரு நிறம். அதற்கு வழிகாட்டியவர் டாப்ளர் என்ற ஆஸ்திரியாக்காரர். 1842-இல் அவர் எழுதியது இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றி. அது நம் கால் வீக்கத்துக்கு வந்து உதவும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆனால் இடுப்புக்குள் குடலும் காற்றும் மறைப்பதால் அல்ட்ராசவுண்டுக்குச் சரியாகத் தெரியாது. அதனால்தான் சி.டி. கேட்டிருக்கிறார் டாக்டர். காலில் குத்த மாட்டார்கள். பெரும்பாலும் கையில் ஊசி, மருந்து உடம்பைச் சுற்றி வரட்டும் என்று இரண்டு மூன்று நிமிடம் விட்டுப் படம். அம்மாவிடம் ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: மருந்து ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவும், சிறுநீர் போய்விட்டது போலவே இருக்கும். போயிருக்காது. இதைச் சொல்லாமல் விட்டால் பெரியவர்கள் வெட்கப்பட்டு மேசையிலிருந்து எழுந்துகொள்வார்கள், நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இனிப்பு நீர் மாத்திரை சாப்பிடுகிறாரா, கிட்னி எப்படி, முன்பு இப்படி மருந்து ஏற்றி ஊறல் தடிப்பு வந்ததுண்டா என்பதை முன்கூட்டியே அங்கே சொல்லிவிடுங்கள்.

பட்டர்வொர்த் கடைக்குட்டி:

ஐயா, இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு ரொம்ப நன்றி. அந்த 86 ஃபைலில் படத்தின் உறையும் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மூங்கில் கணு தெரிகிறது! தண்டவாளமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் தமிழில் என்ன சொல்வது என்பது பாக்கி நிற்கிறது. நரம்பு என்று சொன்னது என் தப்பு, அது நெர்வ். அதை எப்படி மாற்றுவது?

செந்தூல் டீச்சர்:

தப்பு என்று யார் சொன்னது, தங்கச்சி? உங்கள் அம்மா தோட்டத்தில் வளர்ந்தவரா? அப்படியானால் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர் ‘சதை ஊசி’, ‘நரம்பு ஊசி’ என்று பிரித்துச் சொன்னதைக் கேட்டிருப்பார். நரம்பு ஊசி எதில் போடுவது? நெர்விலா? கால் பின்புறம் முறுக்கிக்கொண்டு நீலமாகப் புடைத்து நிற்பதை நரம்புச் சுருட்டு என்கிறோம், அதுவும் ரத்தக் குழாய்தான். கோபத்தில் கழுத்து நரம்பு புடைக்கிறது என்கிறோம். நெர்வ் புடைக்காது.

இது படிக்காதவர்கள் பேச்சு என்றும் தள்ள முடியாது. புறநானூற்றில் 278-ஆம் பாட்டு, காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. மகன் போரில் முதுகு காட்டி ஓடினான் என்று ஊர் சொல்லக் கேட்டுக் களத்துக்கே போகிற கிழவியின் தோளை, ‘நரம்பு எழுந்து உலறிய’ தோள் என்கிறார். வற்றிய தோளில் எழுந்து தெரிவது ரத்தக் குழாய் அல்லாமல் வேறென்ன? அதே காலத்தில் யாழின் தந்திக்கும் நரம்பு என்றுதான் பெயர். இலையில் ஓடுவது இலை நரம்பு. நீளமாக, இழை மாதிரி, உடம்பிலோ மரத்திலோ மரப்பெட்டியிலோ ஓடுகிற எல்லாமே நரம்பு. மூளையிலிருந்து செய்தி கொண்டுபோகிற இழைக்கு மட்டும் அந்தச் சொல்லை ஒதுக்கியது பாடப்புத்தகம்.

கிரேக்கர்கள் கதையும் இதேதான். நியூரான் என்றால் முதலில் தசைநார், வில்லின் நாண். நெர்வ் வந்த லத்தீன் சொல்லுக்கும் அதே பொருள். மலாய்க்காரர்களின் ‘உராட்’ இன்னும் நம் நரம்பு மாதிரியே விரிந்து கிடக்கிறது. ரத்தக் குழாயும் உராட், தசைநாரும் உராட், இலை நரம்பு ‘உராட் டாவுன்’.

நீங்கள் சொன்னதில் பிழையில்லை. அத்தை கேட்டதில்தான் பிழை.

தூயதமிழ்த் தொண்டன்:

டீச்சரே இப்படிச் சொன்னால் எப்படி? வீட்டில் எப்படி வேண்டுமானாலும் பேசலாம், எழுத்தில் துல்லியம் வேண்டாமா? ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவருவதற்குச் சிரை, துடிக்கிற குழாய்க்குத் தமனி என்று அழகான தூய தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. சிரைவரைபடம் என்று சொல்லிப் பழக்க வேண்டும். நாமே வளர்க்காவிட்டால் வேறு யார் வளர்ப்பது?

செந்தூல் டீச்சர்:

துல்லியம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். மாணவர்களுக்கு நானும் சிரை என்றுதான் எழுதச் சொல்வேன், தேர்வுத்தாளில் நரம்பு என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். ஆனால் ‘தூய’ என்பதில் கொஞ்சம் நில்லுங்கள். சிரை, வடமொழி ‘சிரா’. பழைய வடமொழி மருத்துவ நூலில் சுசுருதர் உடம்பில் 700 சிரா, 24 தமனி என்று எண்ணி வைத்திருக்கிறார். ‘தமனி’ ஊதுவது என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த சொல், ஊதுகுழல் மாதிரி. தூய்மைக்காக அவற்றைப் பிடித்தால் கையில் மிஞ்சுவது நரம்புதான்.

ஆயர் ஈத்தாம் படக்காரன்:

டீச்சர், ஊதுவது என்றதும் தூக்கிவாரிப் போட்டது. கிரேக்கத்தில் ஆர்ட்டீரியா என்பது முதலில் மூச்சுக்குழாய்க்கு இருந்த பெயர். செத்த உடம்பை அறுத்துப் பார்த்தால் துடிக்கிற வகைக் குழாய் பெரும்பாலும் காலியாக இருக்கும், அதனால் அதில் காற்று ஓடுகிறது என்று நினைத்தார்கள். கேலன் என்ற பழைய கிரேக்க வைத்தியர் வந்துதான் அதிலும் ரத்தம் என்று காட்டினார். 34 வருடம் ஆர்ட்டரி, ஆர்ட்டரி என்று சொல்லியிருக்கிறேன், அதற்குள் ஒரு காற்று இருந்தது தெரியும். நம் தமனிக்குள்ளும் அதே காற்று என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

தொண்டன் தம்பிக்கு ஒன்று: ‘நாளம்’ எப்படி? ரத்த நாளம் என்றால் யாரும் முடிவெட்டப் போவதாக நினைக்க மாட்டார்கள்.

தூயதமிழ்த் தொண்டன்:

நாளம் சரி. அதன் வேரையும் டீச்சர் கிளறாமல் இருந்தால் நல்லது.

பட்டர்வொர்த் கடைக்குட்டி:

எல்லோருக்கும் வணக்கம். செவ்வாய்க்கிழமை போய்வந்தோம், எப்படிப் போனது என்று சொல்லிவிடுகிறேன்.

திங்கள் ராத்திரி அம்மாவிடம் உட்கார்ந்து சொன்னேன். “கையில நரம்பு ஊசி போடுவாங்கம்மா, அந்த மருந்து ரத்தத்தோட காலுக்குப் போறதை மேலேயிருந்து படம் எடுப்பாங்க” என்றேன். “நரம்பு ஊசிதானே? கங்காணி வீட்டுப் பிள்ளைக்கு டிரெசர் போடுறப்ப நான்தான் கையைப் பிடிச்சிக்கிட்டேன். இதைச் சொல்ல உனக்கு ஒரு வாரமா?” என்றார். உடம்பு சூடாவதையும், சிறுநீர் போன மாதிரி இருக்கும் என்பதையும் ஐயா சொன்னபடியே சொல்லி வைத்தேன். அதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்து, “எதுக்கும் இன்னொரு கைலியை எடுத்து வை” என்றார்.

உள்ளே போகும் முன் கையில் ஊசி குத்த ஒரு மலாய் மிஸ்ஸி வந்தார். சின்னப் பெண். அம்மாவின் புறங்கையைத் தட்டுகிறார், தேய்க்கிறார், ரப்பர் பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டுகிறார். ஒன்றும் மேலே வரவில்லை. “மாச்சிக், உராட் தாக் நம்பாக் லா” (அம்மா, நரம்பு தெரியலையே) என்று சிரித்தார். அம்மா என் பக்கம் திரும்பி, அந்த அறையில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “பாத்தியா, அதுவும் நரம்பைத்தான் தேடுது” என்றார்.

மூன்றாவது தடவை கிடைத்தது. கைலி தேவைப்படவில்லை. ரிசல்ட் அடுத்த மாதம் 4-ஆம் தேதி. அத்தையை வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து எடுக்கவில்லை, மியூட் மட்டும் பண்ணியிருக்கிறேன்.